சைபர் நம்பர் குதிரை

சூர்யபிரகாஷ் கம்ப்யூட்டர் புரோகிராம் பற்றித் தமிழில் பிளாக் எழுதுகிறான் என்பது கருவேலங்கொல்லையில் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒன்று அவன். இரண்டாவது அவன் அம்மா மூக்காயி. அவளுக்கும் "மகன் பொட்டிக்குள்ள என்னமோ கிறுக்குறான்" என்கிற அளவில்தான் தெரியும். மூன்றாவது அவர்கள் வீட்டுக் கன்றுக்குட்டி. எழுதிய கட்டுரையை முதலில் அதனிடம்தான் வாசித்துக் காட்டுவான். அது ஒருமுறைகூடப் பாதியில் எழுந்து போனதில்லை. கட்டிப் போட்டிருந்ததும் ஒரு காரணம்.

கீரமங்கலம் கடைத்தெருவில் பூக்கடைகளுக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அவனுக்கு வேலை. ஆதார் திருத்தம், பட்டா நகல், லேமினேஷன். கைரேகை பதியாத கிழவர்களின் விரலைத் துடைத்துத் துடைத்தே அவன் கைக்குட்டை தேய்ந்து போனது. ஊரில் பாதிப் பேரின் ரேகை அவன் கைக்குட்டையில்தான் இருக்கிறது. இதற்கு நடுவே, தான் கற்றுக்கொண்டதை மறந்துபோகாமல் இருக்கவே பிளாக் ஆரம்பித்தான். ஏழு வருடமாகிறது.

முதல் எட்டு மாதம் ஒரு வரி எழுதவில்லை. நிறம் மாற்றினான். நீலத்தில் வைத்தான், பச்சைக்குப் போனான், மறுபடி நீலத்துக்கே வந்தான். கல்யாணப் பந்தலுக்குச் சீரியல் லைட் கட்டிக் கட்டிப் பார்த்துவிட்டுப் பெண் பார்க்க மறந்தவன் கதைதான். அப்புறம் ரோஷம் வந்து "செயற்கை நுண்ணறிவும் மனித குலத்தின் எதிர்காலமும்" என்று ஆறு வாரம் உட்கார்ந்து ஒரு கட்டுரை எழுதினான். எழுதி முடித்தபோது தாடி நெஞ்சுவரை வந்துவிட்டது. படித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவனே. மற்றது, உலகத்தில் எந்தப் பக்கம் புதிதாக வந்தாலும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற தேடுபொறி எந்திரம்.

ஒரு நாள் கரண்ட் வரக் காத்திருந்த நேரத்தில், போனிலேயே "தமிழ் எழுத்து கட்டம் கட்டமா வருதா? இதை மாத்துங்க" என்று பன்னிரண்டு வரி தட்டிவிட்டான். அது நாற்பதாயிரம் பேரைப் போய்ச் சேர்ந்தது. மனித குலத்துக்குத் தன் எதிர்காலத்தைப் பற்றி ஒரு கவலையும் இல்லை, எழுத்து கட்டமாக வருவதுதான் அதன் கவலை என்று அன்றைக்கு அவனுக்குப் புரிந்தது. அந்தக் கட்டுரைக்குக் கீழே முகம் தெரியாத ஒருவர் "நன்றி" என்று ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார். சூர்யபிரகாஷ் அதைப் பிரிண்ட் எடுத்து, லேமினேஷன் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தான். சம்பளக் கவரைக்கூட அப்படி அவன் நெஞ்சோடு வைத்ததில்லை.

அதற்கப்புறம் அவனுக்கு ஒரு ருசி கண்டுவிட்டது. இங்கிலீஷ் புத்தகத்தில் ஆப்பிள், ஆரஞ்சு என்று உதாரணம் சொல்வார்கள். நம் ஆட்களுக்கு ஒன்றும் ஏறவில்லை. ஊர் ஆட்களையே பிடித்துப் போட்டான். முடிவே இல்லாமல் சுற்றுகிற கட்டளைக்கு, சரவணக்குமாரின் சிங்கப்பூர்க் கதை. அவர் அங்கே இருந்தது பதினொரு மாதம், சொல்வது பதினாறு வருடமாக. அவர் மனைவி சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் நிற்கும். ஒன்றிலிருந்து இன்னொன்று குணத்தை வாங்கிக்கொள்வதற்கு, ராக்கன் வீட்டு மூக்கு. தாத்தாவுக்கு ஒருமுறை எழுதியதுதான், அதற்கப்புறம் நாலு தலைமுறைக்கும் புதிதாக எழுத வேண்டிய தேவையே வரவில்லை. படிக்கிறவர்கள் சிரித்தார்கள், சிரித்ததால் புரிந்தது, புரிந்ததால் இன்னும் நாலு பேரைக் கூட்டி வந்தார்கள்.

ஊர்க்காரர்கள் பேரையும் மூக்கையும் இப்படி நாடு பூராவும் அனுப்புகிறோமே என்று அவனுக்குக் கொஞ்சமும் பயமில்லை. கருவேலங்கொல்லையில் எவன் புரோகிராம் படிக்கப் போகிறான் என்ற தைரியம். அந்தத் தைரியத்தில்தான் குதிரையில் கை வைத்தான்.

கருவேலங்கொல்லையில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புரவி எடுப்பு. நேர்ந்துகொண்டவர்கள் வேளாரிடம் சொல்லி மண்குதிரை செய்யச் சொல்வார்கள். வைகாசியில் ஒரு நாள் எல்லாக் குதிரையையும் மூங்கிலில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு அய்யனார் கோவிலுக்கு ஊர்வலம் போகவேண்டும். எந்த வீட்டுக் குதிரைக்குப் பின்னால் எந்த வீட்டுக் குதிரை என்பதில் ஒரு முழம் பிசகினாலும் அரிவாள் பேசும். முதலில் போவது குழந்தைசாமி வீட்டுக் குதிரை. அடுத்தது ராக்கன் வீட்டுக் குதிரை. இரண்டு பேரும் மாமன் மச்சான். ஒருவர் தும்மினால் மற்றவர் அதைவிடப் பெரிதாகத் தும்மாமல் தூங்கமாட்டார். புதிதாக நேர்ந்தவர்கள் கடைசியில்.

புரோகிராமில் ஒரு பட்டியலில் பல பொருளை வரிசையாக வைத்தால், கம்ப்யூட்டர் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து ஆரம்பிக்காது, சைபரிலிருந்துதான் ஆரம்பிக்கும். படிக்க வருகிற அத்தனை பேரும் முதலில் தடுக்கி விழுகிற வாசற்படி இது. அதைச் சொல்லிக் கொடுக்க, உலகத்திலேயே அசையாத வரிசை எதுவென்று யோசித்தான். குதிரை வரிசைதான். எழுதினான்: 0 – குழந்தைசாமி, 1 – ராக்கன். இப்படியே முப்பத்தெட்டு குதிரை. கீழே, "ஏன் சைபர் என்று கேட்காதீர்கள், அது அப்படித்தான்" என்று ஒரு வரி. முதல் மரியாதைக்காரருக்கு சைபர் போட்டிருக்கிறோம் என்று அவன் மண்டையில் உறைக்கவே இல்லை. கன்றுக்குட்டியும் ஒன்றும் சொல்லவில்லை.

குழந்தைசாமியின் மகனுக்குக் கீரனூரிலிருந்து வனிதாவைக் கட்டி வந்தார்கள். அந்தப் பெண் கீரனூரிலிருந்து தினம் திருச்சிக்கு பஸ் ஏறிப் போய் கம்ப்யூட்டர் படித்தவள். பரீட்சையில் அவளைக் கரையேற்றியது பஸ்ஸில் நின்றபடி படித்த ஒரு தமிழ் பிளாக். கல்யாணமாகி வந்த ஐந்தாம் நாள், அந்தப் பிளாக்கில் வருகிற மூக்கு எதிர் வீட்டு வாசலில் நின்று பல் விளக்குவதைப் பார்த்தாள். அன்று முழுக்க அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. என்னவென்று மாமனார் கேட்டார். சரவணக்குமார் கதையைப் படித்துக் காட்டினாள். குழந்தைசாமி விழுந்து விழுந்து சிரித்து, நாற்காலி ஒன்று உடைந்தது.

"நம்மளப் பத்தி ஏதும் போட்ருக்கானாம்மா?"

"போட்ருக்காரு மாமா. குதிரை வரிசையில நீங்கதான் மொதல்ல" என்று போனை நீட்டினாள் பாவம்.

குழந்தைசாமிக்கு எண் படிக்கத் தெரியும். சிரிப்பு நின்றது.

சேதி எதிர் வீட்டுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? சுவரில் இருந்த பல்லி திரும்புவதற்குள் போய்விட்டது. மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் பன்னிரண்டு அடி உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ். ராக்கன் கூப்பிய கையோடு நிற்கிறார், பின்னால் வெள்ளைக் குதிரை, மேலே "இணையதளமே அறிவித்த நம்பர் ஒன் புரவி". மூக்குக்கே நாலு அடி போயிருந்தது.

பத்து மணிக்குக் குழந்தைசாமி கம்ப்யூட்டர் சென்டருக்குள் நுழைந்தார். ஆதாருக்கு நின்ற கூட்டம் தானாக ஒதுங்கியது.

"ஏய்யா சூரியா, எங்க குடும்பம் ஒனக்கு சைபராய்யா?"

"மாமா, அது மரியாதைக் கொறைவு இல்ல. கம்ப்யூட்டர்ல எண்ண ஆரம்பிச்சா மொதல்ல சைபர்தான் வரும்."

"எவன் சொன்னது?"

"ஒலகமே அப்பிடித்தான் மாமா எண்ணுது."

"ஒலகம் கெடக்கட்டும். ஏன் அப்பிடி எண்ணுது? அதச் சொல்லு."

சூர்யபிரகாஷ் வாயைத் திறந்தான். நூற்று நாற்பத்து மூன்று கட்டுரை எழுதியவன், மின்விசிறியைப் பார்த்தான், லேமினேஷன் மிஷினைப் பார்த்தான், கடைசியில் "அது அப்பிடித்தான் மாமா" என்றான்.

"ஏன்னு தெரியாமத்தான் ஊருக்கே பாடம் எடுக்குறியா? ஒழுங்கா எனக்கு ஒண்ணுன்னு மாத்து."

மாத்தினால் புரோகிராம் தப்பாகிவிடும், அதைப் படிக்கிற பிள்ளைகள் தேறாமல் போகும் என்று அவன் விளக்குவதற்குள் ராக்கன் உள்ளே வந்துவிட்டார்.

"சூரியா, யாரு சொன்னாலும் நம்பர மாத்தக் கூடாது. சித்தப்பன் ஃபிளெக்ஸ் அடிச்சிட்டேன்."

"அடிச்சதக் கிழிச்சு மாட்டுக் கொட்டாய்க்கு மறைப்புக் கட்டுங்க மச்சான்."

"ஒங்க வீட்டு மாடு சைபர் மாடு, அதுக்கு எதுக்கு மறைப்பு?"

ஆதார் எடுக்க உட்கார்ந்திருந்த கிழவி இந்தச் சத்தத்தில் கண்ணை மூடிக்கொண்டதால், போட்டோ மூன்று முறை எடுக்க வேண்டியிருந்தது.

ஊர்க் கமிட்டி கூடியது. ஒருவர் மாத்து என்கிறார், ஒருவர் மாத்தாதே என்கிறார். கமிட்டி அரை நாள் யோசித்து, இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு முடிவு சொன்னது. மொத்த பிளாக்கையும் அழித்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை கலையரங்கத்தில், ஊர் பார்க்க. அழித்த கையோடு, இனி இதை எழுப்பமாட்டேன் என்று அய்யனார் பேரில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும். இல்லையென்றால் மூக்காயி வீட்டுக் குதிரை ஊர்வலத்தில் வரக் கூடாது.

அங்கேதான் பிடி விழுந்தது. போன வருடம் வடகாடு ரோட்டில் சூர்யபிரகாஷ் வண்டியோடு விழுந்து கால் இரண்டாக ஒடிந்தபோது, மகன் எழுந்து நடந்தால் குதிரை எடுக்கிறேன் என்று மூக்காயி நேர்ந்திருந்தாள். நடந்துவிட்டான். குதிரையும் வேளார் சூளையில் வெந்து, சுண்ணாம்பு பூசி, முப்பத்தொன்பதாவதாக நிற்கிறது. இந்த வைகாசியை விட்டால் இன்னும் மூன்று வருடம்.

"அழிச்சிரு சாமி" என்றாள் மூக்காயி. "சாமி கடன் நிக்கக் கூடாது. நடந்த காலு மறுபடி மடங்கிப்புடும்."

"ஏழு வருசம்மா."

"நான் ஒன்னைய முப்பத்தோரு வருசமா வளர்த்தேன். என்னா சொகம் கண்டேன்? பேசாம அழிடா."

அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். காப்பி எடுத்து வைத்துக்கொண்டு அழிக்கலாம், யாருக்குத் தெரியும்? அமெரிக்காக்காரன் சர்வரை ஏமாற்றிவிடலாம். அய்யனார் பேரில் சத்தியம் பண்ணிவிட்டு அதைத் திரும்ப ஏற்ற, அவனுக்கு அந்த ஒடிந்த காலே சம்மதிக்காது. அந்த மூன்று மாதம் கட்டிலில் கிடந்தபோது ஊரே வந்து பார்த்தது. எல்லோரும் காலைத்தான் பார்த்தார்கள். "இந்த வாரம் ஏன் எழுதவில்லை?" என்று கேட்டது பிளாக்கில் வந்த பதினேழு பேர் மட்டும்தான். கடையில் அவன் கைரேகை எடுக்கிறவன். அந்தப் பக்கத்தில் மட்டும்தான் அவன் சூர்யபிரகாஷ். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சொன்னால், "அந்தப் பதினேழு பேரும் வந்து குதிரை தூக்குவாய்ங்களா?" என்பாள்.

சனிக்கிழமை வரை ஏன் சைபர் என்று தேடினான். நினைவகம், முகவரி, தூரம் என்று என்னென்னமோ எழுதியிருந்தார்கள். படிக்கப் படிக்க முன்பு தெரிந்ததும் மறந்தது. மூக்காயியிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். பாதியிலேயே அவள் குறட்டை விட்டாள். நின்றபடி.

ஞாயிற்றுக்கிழமை கலையரங்கத்தில் மைக் செட் கட்டிவிட்டார்கள். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிறவர்களுக்கு வீடியோ காலில் நேரடி ஒளிபரப்பு. ஒரு பிளாக்கை அழிப்பதற்கு இவ்வளவு கூட்டம். எழுதும்போது இதில் பாதி வந்திருந்தால் அவன் கோடீஸ்வரன். மேஜையில் லேப்டாப். பக்கத்தில் தட்டில் சூடம். சூர்யபிரகாஷ் பிளாக்குக்குள் போய், அழிக்கிற இடத்தைத் தட்டினான். "143 கட்டுரைகள் அழிக்கப்படும். திரும்பப் பெற முடியாது. நிச்சயமா?" என்று கேட்டது. ஏழு வருடத்தில் அவனிடம் இவ்வளவு மரியாதையாக யாரும் எதையும் கேட்டதில்லை.

விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. கீழே மூக்காயி முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். வனிதா தலையைக் குனிந்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ராக்கன் மைக்கைப் பிடித்தார். "அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த. அழிச்சாலும் அதுல நான் ஒண்ணாம் நம்பரா இருந்தது இருந்ததுதான்."

குழந்தைசாமி ஒரே தாவலில் மேடை ஏறி மைக்கைப் பிடுங்கினார். நூறு கிலோ உடம்பு அப்படித் தாவியதை அதற்கு முன் ஜல்லிக்கட்டில்தான் பார்த்திருக்கிறார்கள்.

"டேய் ராக்கா! எங்க குதிரைக்கு முன்னால எவன் குதிரைடா போயிருக்கு? எங்க தாத்தன் காலத்துலேர்ந்து சொல்லு! ஒரு குதிரை போயிருக்கா? அரைக் குதிரை? ஒரு குதிரைக் குட்டி? ஒண்ணும் போனதில்லடா! ஒண்ணுமே போனதில்ல!"

சூர்யபிரகாஷின் விரல் பொத்தானை விட்டு மேலே எழுந்தது.

"மாமா, இப்ப என்ன சொன்னீங்க?"

"நீ ஒன் வேலையப் பாரு."

"இல்ல மாமா, அதத் திரும்பச் சொல்லுங்க. ஒங்க குதிரைக்கு முன்னால எத்தன குதிரை போகுது?"

"காது அவிஞ்சு போச்சா? ஒண்ணும் போகலங்கிறேன்."

"ஒண்ணும் இல்லன்னா எத்தன?"

குழந்தைசாமி மைக்கைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "சைபர்" என்றார். சொல்லிவிட்டு வாயை மூட மறந்தார்.

"அதான் மாமா கம்ப்யூட்டர் எண்ணுறது! எத்தனாவது ஆளுன்னு எண்ணல. முன்னால எத்தன பேரு நிக்கிறான்னு எண்ணுது. ஒங்களுக்கு முன்னால யாருமில்ல, சைபர். ராக்கன் சித்தப்பாவுக்கு முன்னால..." அவன் நிறுத்தினான். முடிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

"ஒண்ணு!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். வீடியோ காலில் துபாயிலிருந்து ஒருத்தன் விசில் அடித்தான்.

"அந்த ஒண்ணு நான்தான்டா!" என்று மைக்கில் ஒரு சத்தம் போட்டார் குழந்தைசாமி. ஸ்பீக்கர் ஒன்று புகைந்தது. "மச்சான், ஃபிளெக்ஸக் கழட்டாதீங்க. அப்பிடியே இருக்கட்டும். எனக்குப் பின்னாலதான் நீங்கன்னு நீங்களே செலவு பண்ணி வச்சிருக்கீங்க!"

ராக்கன் மூக்கு, நாலு தலைமுறையில் முதல்முறையாகச் சற்றுச் சுருங்கியது. ஆனால் மனுஷன் லேசில் விடுவாரா?

"சூரியா, சைபருக்கும் முன்னால ஏதாச்சும் இருக்கா?"

"மைனஸ் ஒண்ணு இருக்கு சித்தப்பா. சில புரோகிராம்ல எழுதலாம்."

"அதப் போடு எனக்கு."

"போடலாம். ஆனா மைனஸ் ஒண்ணுன்னா வரிசையில கடைசிக் குதிரைன்னு அர்த்தம். எங்க அம்மா குதிரை."

ராக்கன் மூக்காயியைப் பார்த்தார். மூக்காயி, "வேணும்னா மாத்திக்கிருவோமா கொழுந்தனாரே? நாங்க முன்னாடி போறோம்" என்றாள். ராக்கன் மேடையை விட்டு இறங்கித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அவசர வேலை இருப்பவர் போலப் போய்விட்டார்.

குழந்தைசாமிக்கு இப்போது பிளாக்கை அழிக்கச் சம்மதமில்லை. "என் சைபர் மேல எவனாச்சும் கை வச்சான்..." என்று லேப்டாப் முன்னால் காவல் நின்றார். கமிட்டிக்காரர்கள் தட்டில் இருந்த சூடத்தை வீணாக்காமல் அய்யனாருக்குக் காட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு வனிதா வந்தாள். "அண்ணே, பரீட்சையில சைபர்னு எழுதித்தான் மார்க் வாங்குனேன். ஏன்னு எனக்கும் இன்னைக்குத்தான் தெரியும்."

"எனக்கும் இன்னைக்குத்தான்மா."

அன்று மதியமே அந்தக் கட்டுரையைத் திறந்தான். "ஏன் என்று கேட்காதீர்கள்" என்ற வரியை எடுத்தான். அந்த ஒரு வரியில்தான் இத்தனை நாளாகத் தன் அறியாமை வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது என்று தெரிந்தது. முன்னால் எத்தனை குதிரை என்கிற விளக்கத்தை எழுதி, "இதைச் சொன்னவர் திரு. குழந்தைசாமி, விவசாயி. சொல்வது அவருக்கே தெரியாமல் சொன்னார்" என்று போட்டான். கடைசி வாக்கியத்தை வனிதா மாமனாருக்குப் படித்துக் காட்டும்போது விட்டுவிட்டாள். பிறகு தன் மற்ற கட்டுரைகளில் எங்கெங்கே "அது அப்படித்தான்" என்று எழுதியிருக்கிறோம் என்று தேடினான். அறுபத்திரண்டு இடம். கன்றுக்குட்டியிடம் வாசித்துக் காட்டுவதை அன்றோடு விட்டான். தலையாட்டுகிறவனிடம் வாசித்தால் கட்டுரை தேறாது, சட்டையைப் பிடிக்கிறவனிடம் வாசிக்க வேண்டும்.

வைகாசி வளர்பிறையில் குதிரைகள் கிளம்பின. கொட்டும் குலவையுமாக முதல் குதிரை கோவில் எல்லையைத் தொட்டபோது, கடைசிக் குதிரை இன்னும் வேளார் வாசலைத் தாண்டவில்லை. முன்னால் போன முப்பத்தெட்டு குதிரையின் புழுதியும் மூக்காயி தலையில்தான் இறங்கியது. அவள் ஒரு கையால் குதிரையின் சுண்ணாம்புக் காலைத் தடவிக்கொண்டே, மூங்கில் சுமக்கிற மகனின் காலையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். நேராகத்தான் நடந்தான்.

"ஏண்டா சூரியா, நம்ம குதிரைக்கு எத்தனாம் நம்பரு போட்ருக்க?"

சூர்யபிரகாஷ் உற்சாகமாகி, பாரத்தை மறு தோளுக்கு மாற்றி, கையை நீட்டி, "முப்பத்தெட்டும்மா. அதாவது, நமக்கு முன்னால..." என்று ஆரம்பித்தான்.

"முன்னால எத்தன போகுதுன்னு என் கண்ணுல விழுந்த புழுதியே சொல்லுது. வாய மூடிக்கிட்டுத் தோளக் குடு, குதிரை சாயுது!"